கலிஃபோர்னியா தங்கப் பாடம்: படத்தில் மண்வெட்டியோடு நிற்பவர்கள் யார்?

மீனா, ஃபோல்சம்:

எல்லோருக்கும் வணக்கம். வரலாறு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவ வேண்டும்.

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். இங்கே அந்த வகுப்பில்தான் மாநில வரலாறு வருகிறது. 1848-இல் கொலோமாவில் தங்கம் கிடைத்தது, 1849-இல் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்தார்கள், 1850-இல் கலிஃபோர்னியா மாநிலம் ஆனது. அவள் கொண்டுவந்த தாள்களில் இவ்வளவுதான் இருக்கிறது. இப்போது அந்தத் தங்கம் கிடைத்த இடமான ஜான் சட்டரின் மரம் அறுக்கும் ஆலையை அட்டையில் மாடலாகச் செய்ய வேண்டும். மாதிரிக்கு ஒரு படம் கொடுத்திருக்கிறார்கள். முன்னால், தங்கத்தை முதலில் கண்ட ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்கோடு நிற்கிறார். பின்னால் வாய்க்காலுக்குள் மண்வெட்டியோடு சிலர், மேலே சட்டை இல்லாமல். "இவங்க யாரும்மா? இவங்களுக்கும் தங்கம் கிடைச்சுதா?" என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. எங்கள் ஊரில் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றுக்கு 'நீக்ரோ பார்' என்று பெயர் இருந்தது. 2022-இல் 'பிளாக் மைனர்ஸ் பார்' என்று மாற்றினார்கள். அப்படியென்றால் கறுப்பின மக்களும் இங்கே தங்கம் எடுத்திருக்கிறார்கள். அவர்களும் அந்தத் தாள்களில் இல்லை.

நான் திருநெல்வேலியில் படித்தவள். அமெரிக்க வரலாறு என்றால் எங்களுக்கு வாஷிங்டன், லிங்கன், அதோடு சரி. மேற்கே மேற்கே போனார்கள் என்கிறார்களே, அங்கே ஏற்கெனவே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? குழந்தைக்காகச் சுருக்க வேண்டாம், எனக்குச் சொல்லுங்கள். அவளுக்கு எவ்வளவு சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.


சதாசிவம், சாக்ரமெண்டோ:

மீனாம்மா, வாய்க்காலில் நிற்பவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளான நிசெனான் மக்கள். நீங்கள் குடியிருக்கும் ஃபோல்சம் தொடங்கி மலையடிவாரம் வரை அவர்கள் ஊர்தான். ஆலைக்குத் தண்ணீர் வெளியேறும் வாய்க்காலை வெட்டியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மர வேலை செய்தவர்களில் பலர் மெக்சிகோ போருக்கு வந்து படையிலிருந்து விடுபட்ட வீரர்கள், மார்மன் என்ற மதப் பிரிவினர். அவர்களில் ஹென்றி பிக்லர் என்பவர் நாட்குறிப்பில் எழுதிவைத்ததால்தான் 1848 ஜனவரி 24 என்ற தேதியே நமக்கு உறுதியாகத் தெரிகிறது. எனவே மாடலில் மார்ஷலை மட்டும் நிறுத்தாமல் இந்த இரண்டு கூட்டத்தையும் வைக்கச் சொல்லுங்கள்.

நான் மதுரையில் சிவில் வழக்கு நடத்தியவன். மகன் வீட்டுக்கு வந்த பிறகு இங்கே நூலகத்தில் பழைய சட்டங்களையும் தீர்ப்புகளையும் படித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் என் பதில் வக்கீல் பதிலாகத்தான் இருக்கும்.

சட்டர் 1839-இல் வந்தவர். அப்போது இது மெக்சிகோவின் பகுதி. சாக்ரமெண்டோ நடுவில் இன்று கோட்டை என்று காட்டுகிறார்களே, அதைச் சுற்றித்தான் அவருடைய பண்ணை. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நிசெனான், மீவோக் மக்கள். கூலியாகத் தகரத் துண்டு கொடுப்பார். அதை அவருடைய கடையில் மட்டும்தான் மாற்ற முடியும். மாட்டுக்கு வைப்பதுபோல் நீளத் தொட்டியில் கூழ் ஊற்றி அவர்களைச் சாப்பிடவைத்ததை நேரில் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தங்கம் கிடைத்ததும் சட்டர் செய்த முதல் காரியம் ஒரு குத்தகைப் பத்திரம் எழுதியது. கொலோமா நிசெனான் தலைவர்களிடம் அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்ததாக எழுதி, ஒப்புதல் கேட்டு, போரில் இந்தப் பகுதியைப் பிடித்திருந்த அமெரிக்காவின் ராணுவ ஆளுநர் ரிச்சர்ட் மேசனுக்கு அனுப்பினார். மேசன் மறுத்துவிட்டார். நிலத்தை விற்கவோ குத்தகைக்கு விடவோ இந்தியர்களுக்கு (பூர்வகுடிகளை அன்று அப்படித்தான் சொன்னார்கள்) உரிமை இருப்பதாக அமெரிக்க அரசு ஏற்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். சட்டர் நல்லவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்குத் தேவை ஒரு பத்திரம், அவ்வளவுதான். ஆனால் நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பது அவருக்கே தெரிந்திருந்தது என்பதற்கு அந்தப் பத்திரம் சாட்சி. அனுபோகத்தில் இருப்பவனுக்குப் பாத்தியமே இல்லை என்று மேல் அதிகாரி ஒரே வரியில் தள்ளினார். அடுத்த ஐம்பது வருடம் நடந்ததெல்லாம் அந்த ஒரு வரியின் நீட்சிதான் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் மகள் கேட்டதற்கு நேர்ப் பதில்: கிடைத்தது, முதல் வருடம் மட்டும். 1848 ஆகஸ்டில் அதே மேசன் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், தங்கப் பகுதியில் நாலாயிரம் பேருக்கு மேல் வேலை செய்வதாகவும் அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்றும் எழுதுகிறார். 1849-இல் வெளியாட்கள் வந்ததும் எல்லாம் மாறியது. ஓரிகனிலிருந்து வந்த கூட்டத்தில் சிலர் ஒரு மோதலில் இறந்தார்கள். அதற்குப் பழிவாங்க அவர்கள் ஆற்றோர நிசெனான் ஊரைத் தாக்கி, பிடித்துவந்தவர்களைக் கொலோமாவிலேயே கொன்றார்கள். மார்ஷலோடு அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு நிசெனான்கள் ஆற்றுப் பக்கம் தங்கம் எடுக்க வர முடியவில்லை.

சரி, நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று தோன்றும். 1850 ஏப்ரலில், மாநிலம் முறையாக ஒன்றியத்தில் சேரும் முன்பே, சட்டசபை குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒன்றைப் போட்டது. அதில் 14-ஆம் பிரிவு: வெள்ளையர் சம்பந்தப்பட்ட வழக்கில் கறுப்பர், கலப்பினத்தவர், இந்தியர் யாரும் சாட்சி சொல்லக் கூடாது. சிவில் வழக்குக்கும் அதே தடை வந்தது. இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சாட்சியை எடுத்துவிட்டால் குற்றவியல் சட்டத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? பத்துப் பேர் கண்ணெதிரே கொலை நடந்தாலும், அந்தப் பத்துப் பேரும் பூர்வகுடிகள் என்றால் அந்தக் கொலைக்குச் சாட்சியே கிடையாது.

அதே ஏப்ரலில் 'இந்தியர்களின் நிர்வாகம் மற்றும் பாதுகாப்பு' என்ற பெயரில் இன்னொரு சட்டமும் வந்தது. பாதுகாப்பு என்பது பெயரில்தான். வேலையில்லாமல் திரிகிறான் என்று ஒரு வெள்ளையர் புகார் கொடுத்தால் போதும், அந்த ஆளை நாலு மாதம் வரை வேலைக்கு ஏலம் விடலாம். சிறுவர் சிறுமியரை மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோய்ப் பதிவு செய்துகொண்டால், பையன் 18 வயது வரை, பெண் 15 வயது வரை அந்த வீட்டில் வேலை செய்ய வேண்டும். 1860-இல் திருத்தம் போட்டு இந்த வயதை இன்னும் கூட்டினார்கள். பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. அதனால் பெற்றோரைக் கொன்றுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிவந்து விற்கும் கூட்டங்கள் வட மாவட்டங்களில் உருவாயின. அடிமை முறை கூடாது என்று அரசியல் சாசனத்தில் எழுதிவைத்த மாநிலம் இது.

முதல் ஆளுநர் பீட்டர் பர்னெட் 1851 ஜனவரியில் சட்டசபையில் பேசும்போது, இந்திய இனம் அழிந்துபோகும் வரை இரண்டு இனத்துக்கும் இடையே ஒழிப்புப் போர் நடந்துகொண்டேதான் இருக்கும், அதை எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்றார். பேச்சோடு நிற்கவில்லை. தன்னார்வப் படைகள் இந்தியர்களை வேட்டையாடப் போன செலவுக்கு மாநிலம் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கியது. அதில் பெரும் பகுதியை மத்திய அரசு திருப்பிக் கொடுத்தது.

கறுப்பினத்தவர், சீனர் பற்றிப் பிறகு எழுதுகிறேன். கை வலிக்கிறது.


கார்த்திக், டென்வர்:

சதாசிவம் சார், விரிவான பதிலுக்கு நன்றி. ஒரு பக்கம் மட்டும் சொல்வதுபோல் எனக்குத் தோன்றுகிறது. மக்கள்தொகை குறைந்ததற்கு முக்கியக் காரணம் நோய்தான் என்று படித்திருக்கிறேன். ஸ்பானிஷ் பாதிரிமார் குடியிருப்புகள் நடத்திய மிஷன் காலத்திலேயே பாதிப் பேர் போய்விட்டார்கள். வந்தவர்களும் ஏழைகள்தானே? மிசூரியில் கடனில் மூழ்கிய விவசாயிகள், பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துக்காரர்கள். வண்டிப் பாதையில் காலராவில் எத்தனை பேர் செத்தார்கள்! அந்தக் காலத்தில் இதெல்லாம் தப்பு என்று யாருக்காவது தெரிந்திருக்குமா? இன்றைய அளவுகோலை வைத்து அளப்பது நியாயமா?


சதாசிவம், சாக்ரமெண்டோ:

தம்பி கார்த்திக், கேட்க வேண்டிய கேள்விதான்.

நோய் உண்மை. 1833-இல் ஓரிகன் பக்கமிருந்து வந்த தோல் வேட்டைக்காரர்களோடு மலேரியா வந்து, சாக்ரமெண்டோ ஆற்றோர ஊர்களைக் காலி செய்தது. மிஷன்களில் இறந்தவர்களும் ஏராளம். 1769-இல் மூன்று லட்சம் பேர் இருந்திருக்கலாம் என்று வைத்தால், 1846-இல் அது ஒன்றரை லட்சம். உங்கள் கணக்கு இதுவரைக்கும் சரி. ஆனால் அதன் பிறகு? 1870 வாக்கில் சுமார் 30,000. 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 16,277. எழுபத்தைந்து வருடத்தில் பாதியானது, அடுத்த இருபத்தைந்து வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கானது. நோய் மட்டுமே என்றால் இந்த வேகம் எங்கிருந்து வந்தது?

கொலையை விட்டுவிடுங்கள், பசியைப் பாருங்கள். இந்த மக்களின் சோறு கருவாலி (ஓக்) மரத்துக் கொட்டை. இடித்து மாவாக்கி, தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கசப்பை எடுத்துக் கூழ் காய்ச்சுவார்கள். கூடவே புல் விதை, மான், ஆற்றில் சால்மன் மீன். வந்தவர்கள் பன்றியை அவிழ்த்துவிட்டார்கள், கொட்டையைப் பன்றி தின்றது. மாடு புல் விதையைத் தின்றது. சுரங்கத் தூண்களுக்குக் காட்டை வெட்டினார்கள். 1853-இலிருந்து பெரிய குழாயில் தண்ணீரைப் பாய்ச்சி மலையையே கரைக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சேறு ஆற்றை மூடியது, மீன் வரவில்லை. பொன்னைப் பிரிக்க ஊற்றிய பாதரசம் இன்றும் பேர் (Bear), யூபா என்ற ஆறுகளின் வண்டலில் கிடக்கிறது. மலையைக் கரைப்பதை 1884-இல் நீதிபதி லோரன்சோ சாயர் தடுத்தார். யார் போட்ட வழக்கில் தெரியுமா? கீழே வயலில் சேறு ஏறிய விவசாயிகளின் தரப்பு போட்டது. முப்பது வருடமாக மீன் இல்லாமல் கிடந்தவர்கள் அந்த வழக்கில் எங்குமே இல்லை. பசித்தவன் ஒரு மாட்டைப் பிடித்தால், அதையே காரணமாகச் சொல்லி ஊரையே சுட்டார்கள்.

வடக்கே கிளியர் லேக்கில் நடந்ததைக் கேளுங்கள். ஆண்ட்ரூ கெல்சி, சார்லஸ் ஸ்டோன் என்ற இருவர் போமோ மக்களை அடிமைபோல் வைத்து, பட்டினி போட்டு, சாட்டையால் அடித்து வேலை வாங்கினார்கள். பெண்களையும் விடவில்லை. 1849 டிசம்பரில் போமோக்கள் அந்த இருவரையும் கொன்றார்கள். 1850 மே மாதம் கேப்டன் நதானியல் லயன் தலைமையில் ராணுவம் வந்தது. கொலையில் சம்பந்தப்பட்டவர் யார் என்று விசாரிக்கவே இல்லை. ஏரித் தீவில் மீன் பிடிக்கக் கூடியிருந்த குடும்பங்களைக் கொன்றது. லூசி மூர் என்ற ஆறு வயதுச் சிறுமி தண்ணீருக்குள் மூழ்கி, கோரைத் தண்டு வழியாக மூச்சு விட்டுப் பிழைத்தாள். அவளுடைய சந்ததியினர் இன்றும் அந்த இடத்தில் நினைவு நாள் நடத்துகிறார்கள்.

அந்தக் காலத்தில் தெரியாதா என்றீர்கள். தெரிந்தது தம்பி. 1860 பிப்ரவரி 26 இரவு வடக்குக் கடற்கரை ஊரான யுரேகாவுக்கு எதிரே துலுவாட் தீவில் வியோட் மக்களை வெட்டிக் கொன்றார்கள். உலகத்தைப் புதுப்பிக்கும் சடங்குக்காக வந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். பக்கத்து ஊரில் ஒரு சின்னப் பத்திரிகையில் வேலை பார்த்த பிரெட் ஹார்ட் என்ற இளைஞர் அதைக் கொடூரம் என்று அச்சில் எழுதினார். பின்னால் பெரிய எழுத்தாளர் ஆனவர். எழுதியதும் மிரட்டல் வந்தது, ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. மத்திய அரசு அனுப்பிய ஆய்வாளர் ஜே. ராஸ் பிரவுன், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பணத்தை அதிகாரிகள் எப்படித் தின்றார்கள் என்று அறிக்கை மேல் அறிக்கை அனுப்பினார். இவர்களெல்லாம் இன்றைய ஆட்கள் இல்லை.

வந்தவர்கள் ஏழைகள் என்பதையும் மறுக்கவில்லை. காலராவில் வண்டிப் பாதை ஓரம் புதைத்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஏழையாக வந்தவனுக்கு இங்கே இறங்கியதும் ஒரு சொத்து கிடைத்தது. நீதிமன்றத்தில் ஏறிப் பேசும் உரிமை. எதிராளிக்கு அது கிடையாது.


வசந்தி, ஃப்ரீமாண்ட்:

சார் விட்ட இடத்திலிருந்து சீனர்களைப் பற்றி நான் எழுதுகிறேன், பரவாயில்லையா? நிறைய படித்திருக்கிறேன்.

1853-இல் நெவாடா கவுண்டியில் லிங் சிங் என்ற சீனத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். பார்த்த சீனர்கள் சாட்சி சொன்னார்கள். ஜார்ஜ் ஹால் என்பவருக்குத் தூக்குத் தண்டனை. 1854-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டத்தில் 'இந்தியர்' சாட்சி சொல்லக் கூடாது என்றுதானே இருக்கிறது, சீனர் எப்படி அதில் வருவார்? தலைமை நீதிபதி ஹியூ மர்ரே எழுதிய காரணம்: கொலம்பஸ் ஆசியாவுக்கு வந்துவிட்டதாக நினைத்துத்தான் இந்த மக்களுக்கு இந்தியர் என்று பேர் வைத்தார், எனவே அந்தச் சட்டம் ஆசியாக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஹால் தப்பித்தார். அதற்குப் பிறகு சீனர் முகாமைக் கொள்ளையடிப்பவனுக்கு என்ன பயம்?

வரி மட்டும் தவறாமல் வாங்கினார்கள். 1850-இல் வெளிநாட்டுச் சுரங்கக்காரருக்கு மாதம் 20 டாலர் வரி. அது மெக்சிகோ, சிலி ஆட்களை விரட்டப் போட்டது. 1852-இல் மாதம் 3 டாலர், அடுத்த வருடம் 4 டாலர். இதைக் கட்டியவர்கள் பெரும்பாலும் சீனர்கள். மாநில வருமானத்தில் அது கணிசமான பங்கு.

அப்புறம் ரயில் பாதை. சாக்ரமெண்டோவிலிருந்து கிழக்கே போன சென்ட்ரல் பசிபிக் பாதையில் ஆயிரக்கணக்கான சீனர்கள், ஒரு கட்டத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அவர்கள்தான். டானர் கணவாயில் 1,659 அடிச் சுரங்கம் கருங்கல்லில் குடைந்தது. வெடிமருந்து வைத்தும் ஒரு முகப்பில் ஒரு நாளைக்கு ஓர் அடி, சில நாள் இரண்டு அடி. 1866-67 பனிக்காலத்தில் பனிக்கு அடியிலேயே வழி வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். 1867 ஜூனில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைத் தொழிலாளிக்குச் சமமான கூலி, குறைந்த நேரம், இதுதான் கோரிக்கை. ரயில் கம்பெனி முதலாளிகளில் ஒருவரான சார்லஸ் க்ராக்கர் உணவு வருவதை நிறுத்தினார். ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அந்தச் சுரங்கத்தில் இப்போது ரயில் ஓடுவதில்லை, நடந்தே போகலாம். சுவரில் கையால் துளைபோட்ட தடம் அப்படியே இருக்கிறது. மீனா, கோடையில் குழந்தையைக் கூட்டிப் போங்கள், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், தரை முழுக்கத் தண்ணீர் இருக்கும்.

1882-இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம். ஆனால் இந்த மக்கள் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க்கைக் கப்பலிலிருந்து இறங்கவிடவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், இங்கே பிறந்தவர் இந்நாட்டுக் குடிமகன் என்று 1898-இல் தீர்ப்பு வாங்கினார். இங்கே பிறந்த நம் பிள்ளைகளின் குடியுரிமை அந்தத் தீர்ப்பில்தான் நிற்கிறது. எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் பெயர் தெரியும்?


சதாசிவம், சாக்ரமெண்டோ:

வசந்திம்மா, ஹால் வழக்கை நானே எழுத நினைத்தேன், என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள்.

கறுப்பினத்தவர் கதை. ஃபோல்சம் பக்கம் அவர்கள் 1849 வாக்கிலேயே தங்கம் எடுத்தார்கள். சிலர் சுதந்திரர்கள், சிலரைத் தெற்கு மாநில எஜமானர்கள் அடிமையாகவே கொண்டுவந்தார்கள். தங்கம் எடுத்துச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களையே விலைக்கு வாங்கி விடுதலை ஆனவர்கள் உண்டு. 1852-இல், மாநிலம் ஆகும் முன் கொண்டுவரப்பட்ட அடிமையை எஜமானன் திரும்பப் பிடித்துப் போகலாம் என்று ஒரு சட்டம் போட்டார்கள். 1858-இல் சாக்ரமெண்டோவில் ஆர்ச்சி லீ வழக்கு. எஜமானன் சார்ல்ஸ் ஸ்டோவால் பக்கம் சட்டம் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் அவர் இளைஞர், உடல்நலம் சரியில்லாதவர், இதுதான் முதல் வழக்கு என்பதால் ஆளைக் கொடுத்துவிடலாம் என்று முடிக்கிறது. தீர்ப்பு எழுதிய நீதிபதி யார் தெரியுமா? ஒழிப்புப் போர் என்று பேசிய அதே பீட்டர் பர்னெட். சான் பிரான்சிஸ்கோவின் கறுப்பின மக்கள் பணம் திரட்டி மறுபடியும் வழக்காடி ஆர்ச்சியை விடுவித்தார்கள். அந்த வருடமே நூற்றுக்கணக்கானோர் இந்த மாநிலமே வேண்டாம் என்று கனடாவின் விக்டோரியாவுக்குக் கப்பலேறினார்கள். ஆர்ச்சி லீயும் போனார்.

மற்றவர்கள் விடவில்லை. அதற்கு முன்பே, 1855 நவம்பரில், சாக்ரமெண்டோவில் மாநாடு கூட்டியிருந்தார்கள். வாக்குரிமையைவிட முதலில் அவர்கள் கேட்டது சாட்சி சொல்லும் உரிமை. மனு மேல் மனு போட்டு 1863-இல் வாங்கினார்கள். அந்த வருடமே சட்டசபை சீனருக்கும் இந்தியருக்கும் தடையைப் பெயர் சொல்லி எழுதிவைத்தது. அந்தத் தடை நீங்க 1873 ஆயிற்று.

இந்தத் தடை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு மனுவேல் டொமிங்கெஸ் ஓர் உதாரணம். மெக்சிகோ காலத்துப் பெரிய நிலக்கிழார், 1849-இல் கலிஃபோர்னியா அரசியல் சாசனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். 1857-இல் ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போனார். உடம்பில் இந்திய ரத்தம் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சொன்னதும் நீதிபதி அவரைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்.

அவரைப் போன்ற மெக்சிகோ வம்சத்து நிலக்காரர்களுக்கு மெக்சிகோ போரை முடித்த 1848 குவாதலூப் இதால்கோ ஒப்பந்தத்தில் சொத்து பத்திரமாக இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள். 1851-இல் சட்டம்: எல்லோரும் இரண்டு வருடத்துக்குள் ஆணையத்தின் முன் பத்திரத்தைக் காட்டி நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் நிலம் அரசுக்கு. சொந்தக்காரன்தான் நிரூபிக்க வேண்டும், எதிர்ப்பவன் இல்லை. எல்லை எல்லாம் அந்த மலை, இந்த ஓடை, ஒரு மரம் என்று கையால் வரைந்த படம். 813 மனு வந்தது. கடைசியில் 604 தேறியது. சராசரியாக 17 வருடம் ஆயிற்று. அதற்குள் வக்கீல் ஃபீஸும் வட்டியும் நிலத்தைத் தின்றுவிட்டன, பலர் ஜெயித்த நிலத்தை வக்கீலுக்கே எழுதிக் கொடுத்தார்கள். என் தொழில்காரர்கள் செய்ததைப் படிக்க எனக்குக் கூசுகிறது. அமெரிக்க ஆட்சியை வரவேற்ற மரியானோ வயேஹோவே சோஸ்கோல் நிலத்தை 1862-இல் உச்ச நீதிமன்றத்தில் இழந்தார்.

பூர்வகுடிகளுக்கு இந்தச் சட்டம் இருப்பதே யாரும் சொல்லவில்லை. சான் டியேகோ மலைப்பக்கம் வெந்நீர் ஊற்றருகே குபேன்யோ மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். 1901-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது: 1851 சட்டப்படி நீங்கள் காலக்கெடுவுக்குள் மனுப் போடவில்லை, உரிமை போய்விட்டது. 1903 மே மாதம் அவர்களை வண்டியில் ஏற்றிப் பாலா என்ற ஊருக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.


மீனா, ஃபோல்சம்:

சதாசிவம் ஐயா, வசந்தி அக்கா, கார்த்திக், எல்லோருக்கும் நன்றி. இரண்டு முறை படித்தேன். இரண்டு கேள்வி. பூர்வகுடிகளோடு உடன்படிக்கை எதுவுமே போடவில்லையா? யாருக்காவது நிலம் திரும்பக் கிடைத்ததா? மகள் கண்டிப்பாக அடுத்து அதைத்தான் கேட்பாள்.


சதாசிவம், சாக்ரமெண்டோ:

போட்டார்கள் அம்மா. 1851, 52-இல் மத்திய அரசின் மூன்று ஆணையர்கள் மாநிலம் முழுக்கச் சுற்றி 18 உடன்படிக்கை எழுதினார்கள். எழுபது லட்சம் ஏக்கருக்கு மேல் ஒதுக்குவதாக வாக்கு. நம்பிச் சில கூட்டங்கள் தங்கள் இடத்தை விட்டுக் கிளம்பியே விட்டன. அந்த நிலத்தில் தங்கம் இருக்கலாம் என்று கலிஃபோர்னியா அரசியல்வாதிகள் எதிர்த்தார்கள். 1852 ஜூலையில் செனட் ரகசியக் கூட்டத்தில் பதினெட்டையும் நிராகரித்தது. காகிதங்களைப் பூட்டிவைத்தார்கள், 1905 வரை வெளியே வரவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் பலர் நிராகரிக்கப்பட்டது தெரியாமலே இறந்திருப்பார்கள்.

அந்த உடன்படிக்கைகளுக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்கு நடந்து, 1950 வாக்கில் தலைக்கு 150 டாலர் கொடுத்தார்கள். மற்ற நிலத்துக்கு 1960-களில் 2 கோடியே 91 லட்சம் டாலர் என்று தீர்த்தார்கள். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 47 சென்ட். 2019 ஜூனில் ஆளுநர் கேவின் நியூசம் மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நடந்தது இனப்படுகொலை என்று அந்தச் சொல்லைச் சொல்லியே பேசினார்.

நிலம் திரும்பியதற்கு எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று, மேலே சொன்ன துலுவாட் தீவு. வியோட் மக்கள் நன்கொடை திரட்டி முதலில் ஒரு சிறு துண்டை விலைக்கு வாங்கினார்கள். பழைய கப்பல் பட்டறை விட்டுப்போன விஷக் கழிவைச் சொந்த முயற்சியில் அள்ளிச் சுத்தம் செய்தார்கள். 1860-இல் பாதியில் நின்ற சடங்கை 2014-இல் அங்கேயே நடத்தினார்கள். யுரேகா நகரசபை 2004-இல் கொஞ்சம், 2019 அக்டோபரில் தன்னிடம் மீதியிருந்த 200 ஏக்கருக்கு மேல், விலை வாங்காமல் எழுதிக் கொடுத்தது.

குழந்தையோடு போக, ரோஸ்வில் மைடு அருங்காட்சியகம் உங்களுக்குப் பக்கம். அது நிசெனான் ஊர் இருந்த இடம். வெளியே பாறையில் கருவாலிக் கொட்டை இடித்த குழிகளும் செதுக்கு ஓவியங்களும் இருக்கின்றன. உள்ளே பேச ஆட்கள் இருப்பார்கள். அவள் கேள்வியை அவளையே கேட்கச் சொல்லுங்கள். போகும் முன் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.